மறதி மட்டுமா நோய்?

அல்சைமர் நோய்க்குத் தமிழில் நாம் இட்டு வழங்கும் பெயர் 'மறதி நோய்' என்பதாகும். பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கங்கள் இப்பெயரையே எழுதுகின்றன. வைத்தியர்களும் நோயாளியின் உறவினருக்கு எளிதில் விளங்கவேண்டுமென்று இதனையே சொல்கின்றனர். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலோ இதற்கு முன்பே ஒரு தொடர் உண்டு: 'அறளை பெயர்ந்துவிட்டது'. முதுமையில் அறிவு தடுமாறும் எவரையும் இவ்விரு சொற்களால் மூலையில் இருத்திவிட்டு, நம்மவர் தத்தம் அலுவலைப் பார்க்கச் செல்வர். முன்னது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெயர். பின்னது திண்ணையிலிருந்து வந்த ஏச்சு. ஆயினும் இரண்டும் சேர்ந்து ஒரு கேள்வியைக் கேளாமலே விட்டுவிட உதவுகின்றன. அந்த மனிதர் சென்ற ஆண்டு எதையெல்லாம் தாமே செய்தார், இவ்வாண்டு எதைச் செய்ய இயலாமல் நிற்கிறார், அவர் கைவிட்ட வேலையை இப்போது யார் செய்கின்றனர் என்பதே அக்கேள்வி.

நாம் இங்கு கூற விழைவது இதுவே. அல்சைமர் நோயின் தொடக்கநிலையில் நினைவு தேய்வதும் அன்றாட வாழ்வு குலைவதும் ஒரே வேகத்தில் நிகழ்வனவல்ல. நினைவு பெரிதும் தேய்ந்த ஒருவர் தம் வீட்டைச் செவ்வனே நடத்திச் செல்வதுண்டு. நினைவுப் பரீட்சையில் தேறிய ஒருவர் தம் வங்கிக் கணக்கைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைத் தீர்மானிப்பது மூளை மட்டுமன்று. கல்வியும், வருவாயும், வீட்டு வேலைப் பிரிவினையும், குடியிருக்கும் இடமும் அத்தொடர்பினுள் நுழைந்து கிடக்கின்றன. ஆதலின் இதனை வைத்தியத் துறைக்கு உரிய விடயமென்று ஒதுக்கிவிட்டு இலக்கியமும் சமுதாயமும் பேசுவோர் விலகி நிற்றல் தகாது.

இந்நோயின் வரலாறே மறதியோடு மட்டும் தொடங்கவில்லை. 1901ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரிலிருந்த மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஓகுஸ்ட டேற்றர் என்னும் 51 வயதுப் பெண் கொண்டுவரப்பட்டார். கணவர் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர். அப்பெண் காரணமின்றிக் கணவர்மீது ஐயங்கொண்டதும், சமையலில் பிழைகள் விட்டதும், வீட்டு வேலையைக் கவனியாது அறைக்கு அறை அலைந்ததும், பொருள்களை எடுத்து ஒளித்துவைத்ததும் நினைவுக் குறைவோடு சேர்த்தே பதிவாகியுள்ளன. அவரைப் பரிசோதித்த வைத்தியர் அலோயிஸ் அல்சைமர், 1906இல் அப்பெண் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் டியூபிங்கன் நகரில் நிகழ்ந்த வைத்தியர் கூட்டத்தில் தம் முடிவுகளை வெளியிட்டார். 1910இல் கிரேப்பெலின் தமது பாடநூலில் நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். வைத்தியர் பெயர் நிலைத்தது. நோயாளியின் ஆவணமோ 1995ஆம் ஆண்டுவரை பழங்கட்டுகளுக்குள் கிடந்தது. அடுப்படியில் வெளிப்பட்ட நோய்க்கு ஆய்வுகூடத்தில் பெயர் கிடைத்ததென்று கொள்ளலாம். அதன் பிறகு நெடுங்காலம் அடுப்படியை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

'நினைவு' என்று ஒருமையில் சொல்லுவதே முதற் பிழை. 1953இல் அமெரிக்காவில் 27 வயது இளைஞர் ஒருவருக்குக் காக்கைவலிப்பைத் தணிக்கும் பொருட்டு மூளையின் இரு பக்கமும் அறுவைச் சிகிச்சை நடந்தது. கடற்குதிரை வடிவினதாகையால் ஹிப்போகம்பஸ் எனப்படும் பகுதியின் பெரும்பாகமும் அகற்றப்பட்டது. அதன்பின் அவருக்குப் புதிய நிகழ்ச்சி எதுவும் மனத்தில் தங்கவில்லை. 2008இல் அவர் இறந்த பின்னரே ஹென்றி மொலேசன் என்னும் அவர் பெயர் உலகுக்குத் தெரியவந்தது. அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் நட்சத்திர வடிவைப் பார்த்துக் கோடு வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் அப்பயிற்சியைத் தாம் முன்பு செய்ததே இல்லையென்று அவர் எண்ணினார். கையோ நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றது. நிகழ்ச்சிகளை நினைவுகூரும் ஆற்றல் வேறு, கை பழகிய தொழிலின் நினைவு வேறு என்பது அதனாற் புலனாயிற்று. 1972இல் எண்டெல் டல்விங், வாழ்வில் நிகழ்ந்தவற்றின் நினைவையும் உலகைப் பற்றிய பொது அறிவின் நினைவையும் வேறுபடுத்திக் காட்டினார்.

அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகம்பஸையும் அதனை அடுத்த பகுதியையுமே முதலிற் பற்றுகிறது. ஆகவே முதலில் உதிர்வது அண்மைய நிகழ்ச்சிகளின் நினைவு. காலையில் வந்துபோன மருமகனை மாலையில் மறந்துவிடும் ஆச்சி, தேங்காய் திருவுவதிலும் ஓலை பின்னுவதிலும் தவறுவதில்லை. அவர் கை அறுபது ஆண்டுகளாகக் கற்றது வேறோரிடத்திற் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. இதனைக் கண்டே உறவினர் ஏமாறுகின்றனர். ஒருசாரார், 'கடகம் பின்னுகிறா, அவவுக்கு என்ன வருத்தம்?' என்பர். மறுசாரார், 'மருமகனையே மறந்துவிட்டா, இனி அவவால் என்ன இயலும்?' என்பர். இருசாரார்க்கும் நினைவு ஒரே பாத்திரத்தில் நிரம்பிய நீர். மட்டம் குறைந்தால் எல்லாம் சேர்ந்தே குறையவேண்டும்.

அன்றாட வேலை எதையும் உற்று நோக்குவோமாயின் இவ்வெண்ணம் நிலைக்காது. ஒரு வேளைச் சமையலை எடுத்துக்கொள்வோம். அரிசி எவ்வளவு என்று தீர்மானிக்க வேண்டும். உலை கொதிக்கும் நேரத்துக்குள் கறிக்கு நறுக்க வேண்டும். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் மீன்காரனோடு பேரம் பேசினாலும் அடுப்பின் நினைவு அறுந்துபோதல் ஆகாது. உப்புப் போட்டாயிற்றா என்பது மனத்தில் இருக்க வேண்டும். முன்கூட்டித் திட்டமிடல், ஒழுங்குபடுத்தல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கவனத்தை மாற்றுதல், இனிச் செய்யவேண்டியதை உரிய வேளையில் நினைத்தல் ஆகிய ஆற்றல்கள் அனைத்தும் இங்கு வேலை செய்கின்றன. இவை மூளையின் முன்பகுதியோடு பெரிதும் தொடர்புடையவை. நோயின் தொடக்கத்தில் வீட்டு அலுவல்கள் எவ்வளவு குலையும் என்பதை, சொற்பட்டியலை ஒப்புவிக்கும் பரீட்சையைக் காட்டிலும் இவ்வாற்றல்களின் நிலை பல வேளைகளில் தெளிவாகக் காட்டுகிறது. நினைவுக்கும் செயலுக்கும் தொடர்பில்லை என்று நாம் கூறவரவில்லை. தொடர்பு உண்டு, அது தளர்ந்த கயிறு. ஒன்றை இழுத்தவுடன் மற்றது வந்துவிடுவதில்லை.

சமையலிலும் முந்தித் தடுமாறுவது பணக்கணக்கு. மின்சாரக் கட்டணத்தை இருமுறை செலுத்துதல், அடகு வைத்த நகையின் தவணையைத் தவறவிடுதல், சீட்டுக்காசைக் கொடுத்தோமா இல்லையா என்று மயங்குதல் ஆகியன 'மறதி' என்று எவரும் வாய்விட்டுச் சொல்லுமுன்பே தலைகாட்டுகின்றன. குளித்தல், உடுத்தல், உண்ணுதல் போன்ற அடிப்படைச் செயல்கள் நெடுநாள் கலையாதிருக்கும். அவற்றை மட்டும் பார்ப்பவர்கள் நோயே இல்லையென்று சாதிப்பர்.

இன்றைய வைத்திய விஞ்ஞானம் இதனை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. 1999இல் றொனால்ட் பீற்றர்சனும் அவர் குழுவினரும் வகுத்த இலக்கணத்தின்படி, நினைவு குறைந்தும் அன்றாட அலுவல்கள் பெரும்பாலும் குலையாதிருப்போர் மென்மையான அறிதிறன் குறைபாடு உடையவரென்று தனியே பிரிக்கப்பட்டனர். 2013இல் வெளியான அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பும், குறைபாடு சிறிதா பெரிதா என்பதைத் தீர்மானிக்க, அது ஒருவரது அன்றாட வாழ்வின் சுதந்திரத்தைக் குலைக்கிறதா என்னும் வினாவையே எல்லைக்கோடாகக் கொண்டது. நோயின் எல்லைக்கோடு வீட்டு முற்றத்தில் வரையப்பட்டிருக்க, நாம் இன்னும் 'இன்றைக்கு என்ன திகதி?' என்று கேட்டுப் புள்ளி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

புள்ளி போடுவதென்பது ஆசிரியராகிய நமக்கு எளிதில் விட்டுவிடக்கூடிய பழக்கமன்று. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை, ஒப்புவிக்கும் ஆற்றலையே அறிவென்று மதித்துப் பிள்ளைகளைத் தரம் பிரிப்பவர்கள் நாம். மனனம் செய்தவன் கெட்டிக்காரன், செய்யாதவன் மொக்கன். இப்பயிற்சியில் ஊறிய சமுதாயம் முதுமையிலும் அதே அளவுகோலையே கையிலெடுக்கும். ஒப்புவிக்க இயலாதவர் மனிதராக எஞ்சவில்லை என்று அது நம்பத் தொடங்கும். 'அறளை' என்னும் ஏச்சின் ஒரு வேர் நமது வகுப்பறைக்குள்ளும் ஓடுகிறது என்று சொன்னால் சக ஆசிரியர்கள் சினங்கொள்ளக்கூடும். கொள்ளட்டும்.

நினைவை அளப்பதற்கு உலகெங்கும் மிகுதியாக வழங்கும் பரீட்சை 1975இல் மார்ஷல் போல்ஸ்டீன் முதலியோர் அமைத்தது. மொத்தம் 30 புள்ளிகள். திகதி, ஆண்டு, பருவம், இருக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லுதல். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல். மூன்று சொற்களை நினைவில் வைத்தல். ஒரு வாக்கியம் எழுதுதல். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைதல் முதலியன அதிலடங்கும். ஆஸ்பத்திரியில் விரைவாக நோக்குவதற்கு அது பயனுள்ளதென்பதை மறுக்கவில்லை. ஆனால் கல்வி குறைந்தோர் நோயின்றியே அதிற் குறைந்த புள்ளி பெறுவர் என்பது பல நாடுகளில் நிறுவப்பட்ட உண்மை. நம் மண்ணில் அப்பரீட்சையை வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடக் கதவு சாதியின் பெயரால் அடைக்கப்பட்டிருந்த காலத்திற் பிறந்து, பென்சிலைக் கையாற் பிடித்தறியாத கிழவி ஒருத்தியிடம் ஐங்கோணம் வரையச் சொல்லுகிறோம். நான்கு பருவங்களை அவள் அறியாள். மாரியையும் கோடையையும் அறிவாள். ஆங்கிலத் திகதி தெரியாது. ஐப்பசி பிறந்து எத்தனை நாளென்று சொல்லுவாள். அவள் தோற்றுவிடுவாள். அவளிடம் நெல் வாங்கி, ஐந்து சதம் பிசகாமற் கணக்குத் தீர்த்த பட்டதாரி ஒருவர், நோய் உள்ளே புகுந்து சில ஆண்டுகள் ஆன பின்னும், பழைய படிப்பின் பலத்தால் 28 புள்ளி எடுத்துவிடுவார். வறியவளுக்கு இல்லாத நோய் உண்டென்று எழுதப்படும். படித்தவருக்கு உள்ள நோய் இல்லையென்று எழுதப்படும். இவ்விரு பிழைகளும் ஒரே தாளிலிருந்து பிறக்கின்றன. (பல ஆண்டுகள் வைத்தியர்கள் தாராளமாகப் படியெடுத்துப் பயன்படுத்திய அத்தாளுக்கு 2001 முதல் ஒரு கம்பனி உரிமை கொண்டாடி, பிரதிக்கு விலை வைத்தது என்பதையும் இங்கே குறித்து வைப்போம்.)

மாற்று வழி இல்லையென்பது பொய். வட இந்தியாவில் ஹரியானா மாநிலத்துப் பல்லப்கர் கிராமங்களில் எழுத்தறியாத முதியோரிடையே ஆய்வு செய்ய முனைந்தவர்கள், 1990களில் அப்பரீட்சையை இந்தி பேசும் எழுத்தறியாதாருக்கு ஏற்பத் திருத்தினர். அதனோடு அமையாது, அன்றாட ஆற்றல்களை அளப்பதற்கென்று இந்தியக் கிராம வாழ்விலிருந்தே ஒரு வினாப்பட்டியலையும் வகுத்தனர். பண்டிகைகள் நினைவிருக்கின்றனவா, குடும்ப விடயங்களில் தம் கருத்தைச் சொல்லுகிறாரா, ஊருக்குள் வழி தவறுகிறாரா என்ற போக்கிலமைந்த வினாக்கள் அவை. அவற்றை வீட்டாரிடம் கேட்டனர். எழுத்தறிவை அளக்காமல் வாழ்க்கையை அளக்கலாம் என்று அவர்கள் காட்டினர்.

எனினும், வாழ்க்கையை அளக்கும் கோலும் வானத்திலிருந்து விழுந்ததன்று. அன்றாட அலுவல்களை அளப்பதற்கு இன்றும் பரவலாகப் பயன்படும் அளவுகோலை 1969இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த பவல் லோட்டன் என்னும் உளவியலாளரும் இலேன் பிரோடி என்னும் சமூக சேவையாளரும் வெளியிட்டனர். தொலைபேசி, கடைக்குச் செல்லல், சமையல், வீட்டைப் பேணல், உடை வெளுத்தல், பிரயாணம், மருந்து உட்கொள்ளல், பணம் கையாளல் என எட்டு அலுவல்கள் அதிலுள. பெண்களுக்கு எட்டும் கணக்கிடப்பட்டன. ஆண்களுக்கு ஐந்தே கணக்கிடப்பட்டன. சமையலும் வீடும் வெளுப்பும் ஆணுக்குரிய அலுவல்களாகக் கொள்ளப்படாமையே காரணம். விஞ்ஞானத்தின் தாளிலேயே வேலைப் பிரிவினை இவ்வாறு அச்சாகி வந்தது! ஒருபோதும் உலை வைத்தறியாத ஆண், உலை வைக்க இயலாமற் போவதை எவர் கண்டறிவார்? பெண்ணின் நோய் முதல் உப்பிலேயே வெளிப்பட்டுப் பழிசொல்லாகிறது. ஆணின் நோய் மனைவியின் உழைப்புக்குப் பின்னால் ஆண்டுக்கணக்காக ஒளிந்திருக்கிறது.

எமது ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். நன்னூற் சூத்திரங்களை எங்கு தொட்டாலும் பிசகாது சொல்லுவார். வாசிகசாலைத் திண்ணையில் இளைஞர் அவரைச் சூழ்ந்திருந்து, 'வாத்தியாருக்கு என்ன ஞாபகம்!' என்று வியப்பர். அவர் வங்கிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியதும், ஒரே கட்டணத்தை இரு தடவை கட்டியதும், பனடோல் எத்தனை விழுங்கினாரென்று தெரியாமல் மீண்டும் விழுங்கியதும் மனைவிக்கு மட்டுமே தெரிந்திருந்தன. வங்கிப் புத்தகத்தை அவர் அலுமாரிக்குள் மறைத்து வைத்தார். மாத்திரைகளை நாளுக்கு நாள் எண்ணிக் கொடுத்தார். கணவர் எங்கு செல்ல விரும்பினாலும், தமக்கும் அங்கே அலுவல் உண்டென்று பொய் சொல்லிக் கூடவே சென்றார். இரண்டாண்டுகளின் பின் அவ்வம்மையார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிற் கிடத்தப்பட்டார். மூன்று நாட்களுக்குள் யாவும் வெளிவந்தன. பானையிற் சோறிருக்க, அதனைப் போட்டு உண்ணாமல் வாத்தியார் பசியோடிருந்தார். கதவு திறந்து கிடந்தது. உறவினர் கூடிப் பேசி, மனைவி விழுந்த அதிர்ச்சியில் அவருக்குப் புத்தி கலங்கிவிட்டதென்று முடிவு கட்டினர். இரண்டாண்டு உழைப்பை இவ்வாறு ஒரு வாக்கியத்தில் அழித்தாயிற்று. அந்த அம்மையாரிடம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இலேன் பிரோடி இதனையும் கண்டவரே. 1971இல் அவரும் அவர் கூட்டத்தாரும், மனந்தளர்ந்த முதியோர் தம்மிடம் உண்மையில் எஞ்சியுள்ள ஆற்றலுக்கும் குறைவாகவே இயங்கும் நிலையை 'மிகைக் குறைபாடு' என்னும் பொருள்படப் பெயரிட்டு எழுதினர். நோய் பறித்தது ஒரு பங்கு. சுற்றியிருப்போர் பறித்தது மறுபங்கு. 1981இல் பிரோடி, பெற்றோரைப் பராமரிக்கும் சுமையும் பிள்ளைகளின் சுமையும் தொழிலின் சுமையும் ஒருசேர அழுத்தும் நடுவயதுப் பெண்களைப் பற்றி எழுதினார். ஆண்களுக்கு மூன்று அலுவல்களைக் கழித்துவிட்ட அளவுகோலை ஆக்கியவர்களுள் ஒருவரே, அவ்வலுவல்கள் யார் தலையில் விழுகின்றன என்பதையும் பின்னர் ஆராய்ந்தார் என்பது கருதத்தக்கது. உலகில் இந்நோயாளருக்குச் செய்யப்படும் பராமரிப்பு நேரத்தில் 70 வீதம் பெண்களுடையதென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இனி, நமது பண்பாட்டுக் காவலர்களிடம் வருவோம். 'மேல்நாட்டிலே முதியோரை விடுதியில் தள்ளுகிறார்கள். நம் குடும்பமோ தாங்கிக்கொள்ளும்' என்பது அவர்களது பழைய பல்லவி. குடும்பம் தாங்குகிறது என்பது மெய்தான். ஆனால் எவ்வாறு தாங்குகிறது? 'அப்பு, நீங்கள் சும்மா இருங்கோ; ஆச்சி, அதை வையுங்கோ, நான் செய்யிறன்' என்று ஒவ்வொரு வேலையாகப் பறித்தே தாங்குகிறது. மரியாதையின் பெயரால் எதுவும் செய்யவிடப்படாத ஒருவரிடம், எது செய்ய இயலாமற் போயிற்றென்று கண்டறிவது எங்ஙனம்? 1998இல் தொடங்கிய 10/66 என்னும் ஆய்வுக் குழுவினர் இவ்வுண்மையைச் சந்தித்தனர். நோயாளருள் மூன்றில் இருபங்கினர், அதாவது 66 வீதத்தினர், வளர்முக நாடுகளில் வாழ, ஆய்வுகளிற் பத்திலொரு பங்குக்கும் குறைவானவையே அங்கு நடைபெறுகின்றன என்பது அப்பெயரின் பொருள். 2008இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அமெரிக்க வகைப்பாட்டின் நான்காம் பதிப்பைக் கண்டிப்பாகக் கொண்டு அளந்தபோது, இந்தியக் கிராமப்புற ஆய்வுக்களத்தில் நோயாளர் 0.3 வீதமே, கியூபாவில் 6.3 வீதம். வேறு முறையில் அளந்தபோது எண்ணிக்கை உயர்ந்தது. வளர்ச்சி குன்றிய இடங்களிலேயே இவ்விடைவெளி மிகுதியாயிருந்தது. அன்றாட அலுவல் குலைந்ததென்று சொல்லவேண்டியவர்கள் வீட்டார். முதியவரிடம் எதையும் எதிர்பாராத வீட்டார், ஒன்றும் குலையவில்லை என்றே சொல்லுவர். ஆக, கிராமத்தில் நோய் குறைவு, நமது வாழ்க்கைமுறையே அதற்குக் காப்பு என்று மேடையிற் பெருமை பேசுவோர், காணாமையைப் பெருமையாகப் பேசுகின்றனர். கேரளத்திலும் இந்நோய் 'சின்னன்' என்னும் பெயரோடு, குழந்தைத்தன்மைக்குத் திரும்புதல் என்றே கொள்ளப்பட்டதை அங்கு ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். நமது 'அறளை'க்கு அது உடன்பிறப்பு.

குடும்பம் என்று சொல்லுகிறோமே, அது எங்கே இருக்கிறது? மூத்தவன் ரொறன்ரோவில், இளையவள் லண்டனில். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடத் தொலைபேசி உரையாடலில் 'சுகமாயிருக்கிறன், சாப்பிட்டிட்டன், பிள்ளையள் என்னமாதிரி' என்ற வாக்கியங்கள் பிசகாமல் வரும். பழகிய உரையாடல் கை பழகிய தொழிலைப் போன்றது. நோயின் தொடக்கத்தில் அது குலைவதில்லை. 'அம்மாவோடு நேற்றுத்தானே கதைத்தேன், நன்றாக இருக்கிறா' என்று அங்கிருந்து சாதிப்பவருக்கும், அம்மாவின் அடுப்பிற் கருகிய சட்டியைக் கழுவும் அயல்வீட்டுப் பெண்ணுக்கும் இடையே எத்தனை ஆயிரம் மைல்! அப்பெண்ணுக்குக் கூலியாகக் கிடைப்பது எவ்வளவு என்பதையும், அக்கூலியை அனுப்புவோரே நிர்ணயிக்கின்றனர் என்பதையும் இங்கு விரிக்கவில்லை. அது தனியே எழுதப்படவேண்டிய விடயம்.

வாழும் இடமும் ஒரு நினைவே. மேற்கூறிய லோட்டன், நாகேமோ என்பவருடன் சேர்ந்து 1973இல் வகுத்த கருத்து, ஒருவரது ஆற்றல் குறையக் குறையச் சூழலின் ஆதிக்கம் அவர்மீது கூடுகிறது என்பது. அடுப்பு எங்கே, கிணறு எந்தப் பக்கம், கோயிலுக்கு எத்தனை திருப்பம் என்பதை நடந்து நடந்து கால் அறிந்துவைத்திருக்கும் வீட்டில் ஓரளவு இயங்கக்கூடியவர், கொழும்பில் மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோகப்பட்டதும் கழிவறையைத் தேடி நிற்கிறார். 1995இல் வலிகாமத்திலிருந்தும் 2009இல் வன்னியிலிருந்தும் இடம்பெயர்க்கப்பட்ட முதியோரின் கால்கள் அறிந்திருந்த வீடுகள் பல இன்றில்லை. அவர்களிடம் போய் நினைவுப் பரீட்சை வைத்து, விழுந்த புள்ளி முழுவதையும் மூளையின் கணக்கில் எழுதுவது விஞ்ஞானமாகாது.

'இவையெல்லாம் மருந்து வரும்வரைதான். மருந்து வந்துவிட்டால் தீர்ந்துபோகும்' என்போர் உளர். மருந்து வந்தது. மூளையிற் படியும் அமிலோயிட் என்னும் பொருளைக் கரைக்கும் அடுக்கனுமாப், 2021இல் அமெரிக்காவில் ஆண்டுக்கு 56,000 டொலர் என்ற விலையோடு சந்தைக்கு வந்தது. பயன்பற்றிய பெருஞ்சர்ச்சைக்குப்பின் 2024இல் உற்பத்தியாளராலேயே கைவிடப்பட்டது. 2023இல் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் மருந்தின் விலை அங்கு ஆண்டுக்கு 26,500 டொலர். 18 மாதச் சோதனையின் முடிவில், மருந்து பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இருந்த வேறுபாடு, 18 புள்ளி கொண்ட அளவுகோலில் 0.45 புள்ளி. அவ்வளவுகோல் நினைவோடு, தீர்மானிக்கும் ஆற்றல், வெளியுலக அலுவல், வீட்டு அலுவல், தன்னைப் பேணல் முதலியவற்றையும் சேர்த்தே அளக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். 0.45 புள்ளி ஒரு வீட்டில் எந்த வேலையாக உருவெடுக்கிறது என்று உறவினர் கேட்டால், எளிதில் விடை கிடைப்பதில்லை. நாம் மருந்தாய்வுக்கு எதிரிகளல்லர். மூளைவீக்கம், இரத்தக்கசிவு ஆகிய அபாயங்களைக் கண்காணிக்க மீண்டும் மீண்டும் படம்பிடிக்கவேண்டிய இம்மருந்து, படம்பிடிக்க மாதக்கணக்கிற் காத்திருக்கும் நாட்டு மக்களுக்கு இன்று விடையாகாது என்றே சொல்லுகிறோம். 2024இல் லான்செற் குழு எடுத்துரைத்த 14 ஆபத்துக் காரணிகளில் கல்விக்குறைவும் ஒன்று. செவிப்புலன் இழப்பும் ஒன்று. பள்ளிக்கூடமும் காதுக் கருவியும் பங்குச்சந்தையில் விலைபோவதில்லை. அவற்றைப்பற்றித் தலைப்புச் செய்தி வருவதுமில்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் 12.4 வீதமாயிருந்தனர், அதன்பின் இத்தொகை வளர்ந்தே வந்திருக்கிறது. 2003இல் வெளியான ராகமை ஆய்வு, 65 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு அறிவுத்தேய்வு நோய் இருப்பதைக் கண்டது. இலவச வைத்தியத்தை உரிமையாகப் பெற்ற நாடு இது. அவ்வுரிமையை நீட்டிக் கேட்பதில் என்ன தவறு? கிராமத்துச் சிகிச்சை நிலையத்திலேயே, தமிழருக்குத் தமிழில், அந்தந்த ஊரின் அலுவல்களை வைத்து வினாக்கள் கேட்கப்படவேண்டும். வீட்டாரிடம், குறிப்பாக வேலையைச் செய்யும் பெண்ணிடம், தனியே கேட்கவேண்டும். அவளுக்கு ஓய்வுநாளும் கொடுப்பனவும் வேண்டும். நோய் தொடங்கியவரிடம் எஞ்சியிருக்கும் வேலையை அவரே செய்ய இடங்கொடுப்பது எப்படி என்று வீட்டாருக்குச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். கறி நறுக்கச் சொல்லலாம், அடுப்பை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்ற அளவிலேனும். இவற்றுள் எதற்கும் வெளிநாட்டு நாணயம் தேவையில்லை.

அரசாங்கத்துக்கு முதியவரைத் தேடிச் செல்லும் வழி தெரியாதென்றும் சொல்லமுடியாது. ஓய்வூதியம் பெறும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் தாம் உயிரோடிருப்பதாகச் சான்றிதழ் கொடுக்கவேண்டியிருக்கிறது. அச்சமயத்திலேனும், ஓய்வூதியத்துக்கு எவ்வித இடையூறும் வராதென்ற உறுதியோடு, நேற்றுச் சமைத்தது யார், மருந்தை எடுத்துக் கொடுத்தது யார், வங்கிக்குப் போய்வந்தது யார் என்று வீட்டில் ஒரு தாதி கேட்டு எழுதலாம். ஓய்வூதியமே இல்லாத தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்கும், கடற்றொழிலாளியின் வீட்டுக்கும், புகையிலைத் தோட்டத்தில் நீர் இறைத்து முதுகு வளைந்தவரின் வீட்டுக்கும் அத்தாதி முதலிற் போகவேண்டும்.